எரிந்த ஏடும் எஞ்சிய ஏடும்: வர்ஜீனியா கோர்ட் கிளார்க் அலுவலகங்களில் ஏழு நாள்

முதல் நாள், வியாழன்: ஃபேர்ஃபாக்ஸ்

கிளார்க் என்றதும் நமக்கு ஃபைல் கட்டுகளுக்கு நடுவே குனிந்திருக்கும் குமாஸ்தாதான் நினைவுக்கு வருவார். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் அந்த நினைப்போடு கோர்ட்டுக்குப் போனால் ஏமாந்துபோவோம். அங்கே கவுன்ட்டிதோறும் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) இருக்கும் சர்க்யூட் கோர்ட் கிளார்க்கை நீதிபதி நியமிப்பதில்லை. ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் 8 ஆண்டு. மாநில கவர்னருக்கே 4 ஆண்டுதான், அதுவும் அடுத்தடுத்து இரண்டு முறை இருக்க முடியாது.

சட்டம் இவர் தலையில் கட்டியிருக்கும் வேலைகள் 800-க்கு மேல் என்று கிளார்க்குகளே கணக்குச் சொல்வார்கள். பத்திரப் பதிவு, உயில் மெய்ப்பிப்பு, கல்யாண லைசென்ஸ், நோட்டரிகளுக்கு உறுதிமொழி, துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் அனுமதிக்கான மனு, தேர்தல் முடிந்ததும் முத்திரை வைத்து வரும் வாக்குச்சீட்டுகளின் காவல் எல்லாம் இவரிடம். கோர்ட் கூடினால் ஜூரிகளுக்குச் சத்தியப்பிரமாணம், சான்றுப் பொருள்களின் பூட்டு, உத்தரவுப் பதிவு இதற்கு மேல். நம் சார்பதிவாளர், கோர்ட் சிரஸ்தார், ரெக்கார்டு ரூம் மூன்றையும் ஒரே கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார வைத்தால் எப்படியோ அப்படி.

தலைநகர் வாஷிங்டனுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஃபேர்ஃபாக்ஸில் தொடங்குவது வசதி. ஒரு முன்னெச்சரிக்கை: பல கோர்ட்டுகளில் கைபேசிக்கும் கேமராவுக்கும் தடை உண்டு. வாசலில் வைத்துவிட்டுப் போக அலமாரி இருக்கும் என்று நம்ப வேண்டாம். காரிலேயே வைத்துவிட்டு, பென்சிலும் தாளும் கொண்டுபோவது நல்லது. நகல் பக்கத்துக்கு 50 சென்ட், சான்றிட்ட நகல் என்றால் கூடுதலாக 2 டாலர். சில்லறை இருக்கட்டும்.

இந்த அலுவலகத்தின் பொக்கிஷம் ஜார்ஜ் வாஷிங்டனின் உயில். 1799 ஜூலை 9 அன்று தன் கையாலேயே எழுதி முடித்தார். டிசம்பர் 14 அன்று இறந்தார். 1800 ஜனவரியில் உயில் கோர்ட்டுக்கு வந்தது. சாட்சிக் கையெழுத்து கிடையாது. முழுக்கத் தன் கைப்பட எழுதிய உயிலுக்கு வர்ஜீனியாவில் சாட்சி தேவையில்லை. இது இறந்தவர் கையெழுத்துதான் என்று அதை அறிந்தவர்கள் வந்து சொன்னால் போதும். இன்றைய சட்டப்படி, சொத்தில் பங்கில்லாத இருவர் சொல்ல வேண்டும். வேடிக்கை என்னவென்றால் வாஷிங்டன் ஆண்டைத் தவறாக எழுதிவிட்டார். 'தொண்ணூற்றொன்பது' என்பதில் ஒன்பதை விட்டு 1790 என்று நிற்கிறது. பக்கத்திலேயே 'சுதந்திரத்தின் 24-ஆம் ஆண்டு' என்று எழுதியிருந்ததால் பிழை தெளிவாகிவிட்டது. பழைய பத்திரங்களில் ஆண்டை இரண்டு விதமாக எழுதும் வழக்கம் வெறும் அலங்காரம் இல்லை.

1861-ல் வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கு இடையே உள்நாட்டுப் போர் மூண்டபோது கிளார்க்காக இருந்தவர் ஆல்ஃபிரட் மாஸ். வாஷிங்டனின் உயிலை அவர் முதலில் ஒரு வீட்டின் நிலவறையில், வெள்ளிப் பாத்திரப் பெட்டிக்குள் வைத்து, மேலே நிலக்கரியைக் கொட்டி மறைத்தார். பிறகு அது மாநிலத் தலைநகர் ரிச்மண்டுக்குப் போய், போர் முடிந்து திரும்பியது. மடிப்புகளில் தாள் ஒடிந்து, யாரோ ஊசி நூலால் தைத்தும் வைத்திருந்தார்கள். 1910-ல் லைப்ரரி ஆஃப் காங்கிரஸைச் சேர்ந்த வில்லியம் பெர்விக் வந்து செப்பனிட்டார்.

மார்த்தா வாஷிங்டனின் உயில் ஃபேர்ஃபாக்ஸிலேயே தங்கிவிட்டது. 1862-ல் வடக்குப் படைவீரர்கள் அலுவலகக் காகிதங்களை வாரி அள்ளிக்கொண்டிருந்தபோது ஓர் அதிகாரி கண்ணில் பட்டு, அவர் எடுத்துப்போனார். அவர் மகள் அதை நிதியதிபர் ஜே.பி. மார்கனுக்கு விற்றார். வர்ஜீனியா மாநிலம் உச்ச நீதிமன்றம் வரை போனதும் 1915-ல் மார்கனின் மகன் திருப்பிக் கொடுத்தார். கணவர் உயில், மனைவி உயில் இரண்டுக்கும் வீடு ஒரே அலமாரிதான். ஒன்றைக் கிளார்க் எடுத்துப்போனார், மற்றதை எடுக்கவில்லை. இந்தப் பயணம் முழுக்க இந்த ஒரு வித்தியாசம்தான் திரும்பத் திரும்ப வரும்.

இரண்டாம் நாள், வெள்ளி: லீஸ்பர்க்

லவுடன் கவுன்ட்டியின் தலைநகரம். ஏடுகள் 1757 முதல் அறுபடாமல் இருக்கின்றன. காரணம் ஜார்ஜ் கே. ஃபாக்ஸ் என்ற கிளார்க். 1862-ல் புத்தகங்களை வண்டியில் ஏற்றித் தெற்கே கேம்ப்பெல் கவுன்ட்டிக்குக் கொண்டுபோய் வைத்தார். 1865-ல் அதே புத்தகங்களோடு திரும்பி வந்தார்.

பழைய ஏட்டில் தேடும் முறையைப் பழக லீஸ்பர்க் நல்ல இடம். நம் ஊரில் வில்லங்கம் பார்த்தவர்களுக்குப் பாதி தெரிந்த வேலை, ஒரு வேறுபாட்டோடு. இங்கே சர்வே எண்ணைக் கொண்டு தேட முடியாது. பெயர்தான் சாவி. எழுதிக் கொடுத்தவர் அட்டவணை, எழுதி வாங்கியவர் அட்டவணை என்று இரண்டு தனிப் புத்தகங்கள். இன்றைய உரிமையாளர் பெயரை வாங்கியவர் அட்டவணையில் பிடித்து, புத்தக எண்ணும் பக்க எண்ணும் குறித்து, பத்திரத்தைத் திறந்து, விற்றவர் பெயரைப் பார்த்து, அந்தப் பெயரோடு மறுபடி வாங்கியவர் அட்டவணைக்கு வர வேண்டும். படிக்கட்டில் பின்னால் இறங்குவது மாதிரி. அதன் பிறகு ஒவ்வொருவர் பெயரையும் அவர் நிலத்தை வைத்திருந்த காலத்துக்கு, எழுதிக் கொடுத்தவர் அட்டவணையில் முன்னோக்கிப் பார்த்தால்தான் இடையில் அடமானம் வைத்தாரா, ஒரு துண்டை விற்றாரா என்பது தெரியும்.

படி எங்கே அறுகிறது? பெரும்பாலும் மரணத்தில். வாரிசுக்கு நிலம் உயில் வழியாக வந்திருந்தால் பத்திரப் புத்தகத்தில் ஒரு வரியும் இருக்காது. உயில் புத்தகத்துக்கு மாற வேண்டும். அங்கேயும் இல்லையென்றால் பாகப்பிரிவினை வழக்கு நடந்திருக்கலாம், சான்சரி (ஜூரி இல்லாமல் நீதிபதியே தீர்த்த வழக்கு) ஃபைல்களில் தேட வேண்டும். இன்னொரு இடறல், பெண்கள். கல்யாணத்துக்குப் பின் பெயர் மாறுவதால் வாங்கியது ஒரு பெயரில், விற்றது வேறொரு பெயரில் நிற்கும். கல்யாணப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தேட வேண்டும்.

அளவு 'போல்' கணக்கில் வரும். ஒரு போல் 16.5 அடி, 4 போல் ஒரு செயின், அதாவது 66 அடி, 10 சதுரச் செயின் ஒரு ஏக்கர். நம் பழைய புலப்படங்களில் லிங்க் கணக்காக வருவதும் இதே 66 அடிச் சங்கிலியின் நூறில் ஒரு பங்குதான். நான்கெல்லைக்குப் பதில் 'வெள்ளை ஓக் மரத்திலிருந்து ஓடை வரை' என்று வழி சொல்லிக்கொண்டே போய்த் தொடங்கிய மரத்துக்கே வந்து முடிப்பார்கள். அந்த மரம் செத்து நூறு ஆண்டு ஆகியிருக்கும். அடுத்த நிலத்துக்காரர் பெயரைப் பிடித்துக்கொண்டால்தான் இடம் பிடிபடும்.

புதிதாக வருபவர்கள் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. பத்திரப் புத்தகத்தில் 'இன்னார் கையெழுத்து' என்று பார்த்ததும் கொள்ளுத்தாத்தா கையெழுத்தே கிடைத்துவிட்டதாகப் பூரிப்பார்கள். அது கிளார்க்கின் கையெழுத்து. மூலப் பத்திரத்தைப் புத்தகத்தில் வரிக்கு வரி எழுதிக்கொண்டு, மூலத்தை உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். முத்திரை இருந்த இடத்தில் ஒரு சுழி போட்டு நடுவே 'சீல்' என்று எழுதியிருப்பதை உற்றுப் பாருங்கள், மேலே பத்திர வாசகம் எழுதிய அதே மையும் அதே கையும் தெரியும். மூலக் கையெழுத்து வேண்டுமென்றால் உயில் ஃபைலைக் கேளுங்கள். உயிலின் மூலத்தை அலுவலகம் வைத்துக்கொள்ளும்.

இதே அறையில் பார்க்க மனம் கனக்கும் ஏடுகளும் உண்டு. 1793-லும் 1803-லும் வந்த சட்டங்களின்படி, அடிமைத்தளையில் இல்லாத கறுப்பின மக்கள் கிளார்க்கிடம் பதிவு செய்து சான்று வாங்கி, குறித்த காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பெயர், வயது, நிறம், விடுதலை கிடைத்த விதம் என்று வரிசையாக எழுதினார்கள். உயரமும் முகத்திலோ கையிலோ இருந்த தழும்பும்கூடக் குறிக்கப்பட்டன. இறந்தவர் சொத்துப் பட்டியல்களில் பசு, கலப்பை, கட்டில் வரிசையிலேயே மனிதர்களின் பெயர்களும் எதிரே விலையும் இருக்கும். அந்த மனிதர்களின் சந்ததியினர் இன்று தங்கள் மூதாதையரைத் தேட முதலில் வந்து நிற்பதும் இந்தப் பட்டியல்களின் முன்தான்.

சனி, ஞாயிறு அலுவலகங்கள் மூடியிருக்கும். பயணத் திட்டம் போடும்போதே இதைக் கணக்கில் வையுங்கள்.

மூன்றாம் நாள், திங்கள்: பௌலிங் கிரீன்

கரோலைன் கவுன்ட்டி. சின்ன ஊர், செங்கல் வளைவுகள் வைத்த கோர்ட். ஒரே ஒரு வழக்குக்காக இங்கே நிற்கலாம்.

1924-ல் வர்ஜீனியா கொண்டுவந்த இனத்தூய்மைச் சட்டம், வெள்ளையர் வேறு இனத்தவரைக் கல்யாணம் செய்வதைத் தடுத்தது. அதன் காவலாளாகக் கிளார்க்கை நிறுத்தியது. மணமக்கள் தங்கள் இனம் பற்றிச் சொல்வது சரிதான் என்று கிளார்க்குக்கு நம்பிக்கை வராதவரை லைசென்ஸ் கொடுக்கக் கூடாது. வெள்ளையரான ரிச்சர்ட் லவிங்கும் வெள்ளையரல்லாத மில்ட்ரெட் ஜெட்டரும் அதனால்தான் 1958 ஜூனில் வாஷிங்டன் போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஊர் திரும்பி, சான்றிதழைப் படுக்கையறைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். ஜூலை மாதம் நள்ளிரவு கடந்து ஷெரிஃப் உள்ளே வந்தார். 1959 ஜனவரி 6 அன்று இந்தக் கவுன்ட்டி கோர்ட் ஓராண்டுச் சிறை என்றது. மாநிலத்தை விட்டுப் போய் 25 ஆண்டு சேர்ந்து திரும்பாமல் இருந்தால் சிறை இல்லை என்றது. 1967 ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது.

இன்று அதே வகைக் கவுன்ட்டரில் லைசென்ஸ் வாங்க 30 டாலர். அடையாள அட்டையோடு இருவரும் நேரில் வர வேண்டும். ரத்தப் பரிசோதனை, காத்திருப்புக் காலம் இரண்டும் இல்லை. 60 நாளுக்குள் வர்ஜீனியா எல்லைக்குள் கல்யாணம் நடக்க வேண்டும். நடத்திவைத்தவர் சான்றைக் கிளார்க்குக்குத் திருப்பி அனுப்ப மறந்துவிடுவதுதான் அடிக்கடி வரும் சிக்கல். அது வந்து சேராவிட்டால் மாலை மாற்றியது உண்மை, ஏட்டில் கல்யாணம் இல்லை.

நான்காம் நாள், செவ்வாய்: ஹனோவர், கிங் வில்லியம்

ஹனோவர் கோர்ட் 1730-களில் தொடங்கிக் கட்டப்பட்ட செங்கல் கட்டிடம், முன்புறம் வளைவுத் தாழ்வாரம். கோர்ட் நாளில் மழை வந்தால் வழக்குக்காரர்கள் ஒதுங்க அந்தத் தாழ்வாரம்தான். பழைய முறையில் மாதம் ஒருமுறை கோர்ட் கூடும். நிலம் விற்றவர் எல்லார் முன்னிலும் வந்து 'நான் எழுதிக் கொடுத்தது உண்மை' என்று ஒப்புக்கொண்டால் கிளார்க் பதிவார். கல்யாணமானவர் நிலத்தை விற்றால் மனைவியைத் தனியே அழைத்து, கணவர் காதில் விழாதபடி, 'உன் பங்கை மனமொப்பித்தான் விடுகிறாயா' என்று கேட்டு அதையும் எழுதினார்கள். இந்த வரி இல்லாத பழைய பத்திரத்தால் பின்னாளில் விதவை வந்து மூன்றில் ஒரு பங்கு கேட்ட வழக்குகள் ஏராளம்.

குடியேற்றக் காலத்தில் கிளார்க்கை நியமித்தது காலனியின் செயலர். அவர் அலுவலகத்தில் இளைஞர்கள் எழுத்து வேலை பழகி, இடம் காலியானதும் ஏதாவது ஒரு கவுன்ட்டிக்குக் கிளார்க்காகப் போவார்கள். கட்டணமெல்லாம் புகையிலைப் பவுண்டில். நாணயம் அருமை, புகையிலை தாராளம். 1776 அரசமைப்பு கிளார்க் நியமனத்தை அந்தந்தக் கோர்ட்டிடமே விட்டது. 1851-ல் அது மக்கள் ஓட்டுக்கு வந்தது.

புகையிலைக் கணக்கு எப்படி வெடிக்கும் என்பதை இந்த ஹனோவர் கோர்ட் 1763 டிசம்பர் 1 அன்று பார்த்தது. பாதிரியாருக்கு ஆண்டுச் சம்பளம் 16,000 பவுண்டு புகையிலை. விளைச்சல் பொய்த்து விலை ஏறியபோது, 1758 சட்டம் பவுண்டுக்கு 2 பென்ஸ் வீதம் காசாகக் கொடுத்தால் போதும் என்றது. லண்டன் அந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. ஜேம்ஸ் மௌரி என்ற பாதிரியார் மீதித் தொகை கேட்டு வழக்குப் போட்டார். எதிர்வாதம் செய்த இளம் வக்கீல் பேட்ரிக் ஹென்றி. மேடையில் தலைமை வகித்தவர் அவர் அப்பா ஜான் ஹென்றி. ஜூரி கொடுத்த இழப்பீடு ஒரே ஒரு பென்னி.

இவ்வளவு நடந்த கோர்ட்டின் பழைய ஏடுகளில் இன்று இருப்பவை சிலவே. மற்றவை எங்கே போயின என்பது நாளைய ஊரில்.

இங்கிருந்து கிங் வில்லியம் அதிகத் தொலைவில்லை. 1725-ஐ ஒட்டிக் கட்டிய கோர்ட் இன்றும் கோர்ட்டாகவே நடக்கிறது. நாட்டிலேயே தொடர்ந்து புழக்கத்தில் இருக்கும் மிகப் பழைய கோர்ட் கட்டிடம் இதுதான் என்பது ஊர்க்காரர்கள் பெருமை. ஆனால் கிளார்க் அலுவலகம் தனிக் கட்டிடமாக இருந்தது, 1885-ல் அது தீப்பிடித்தது. கோர்ட் பிழைத்தது, ஏடுகள் போயின. கிளார்க் அலுவலகத்தைத் தள்ளிக் கட்டுவதே கோர்ட்டில் தீப்பிடித்தால் ஏடு தப்பட்டும் என்றுதான். இங்கே தலைகீழாகிவிட்டது.

ஐந்தாம் நாள், புதன்: ரிச்மண்ட்

1865 ஏப்ரல் 2 இரவு. தெற்குப் படை ரிச்மண்டை விட்டு ஓடும்போது, எதிரி கையில் சிக்கக் கூடாதென்று புகையிலைக் கிடங்குகளுக்குத் தீ வைத்தது. மறுநாள் விடிவதற்குள் தீ நகரத்தைத் தின்றது. கேப்பிடல் சதுக்கத்தில் இருந்த மாநிலக் கோர்ட் கட்டிடமும் எரிந்தது. 'தலைநகரம்தான் பத்திரம்' என்று ஹனோவர், ஜேம்ஸ் சிட்டி, க்ளௌஸ்டர் முதலிய கவுன்ட்டிகள் தங்கள் ஏடுகளை அனுப்பி வைத்திருந்ததோ அந்தக் கட்டிடத்தில். பாதுகாப்புக்கு அனுப்பியதாலேயே அழிந்தன. வீட்டோடு வைத்திருந்த சில கவுன்ட்டிகளின் ஏடுகள் தப்பின.

ஏடு எரிந்த கவுன்ட்டி என்று கைவிட்டுவிட வேண்டாம். ஈஸ்ட் பிராட் தெருவில், 800-ஆம் எண்ணில் இருக்கும் லைப்ரரி ஆஃப் வர்ஜீனியாவில் மாற்று வழிகள் உண்டு. முதலில் நிலவரிப் பட்டியல். 1782 முதல் ஒவ்வொரு கவுன்ட்டியும் ஆண்டுதோறும் ஒரு படியைத் தலைநகருக்கு அனுப்பியது, அது வேறு இடத்தில் இருந்ததால் பிழைத்தது. ஒருவர் பெயரில் ஓராண்டு 200 ஏக்கர், மறு ஆண்டு 150 என்றால், எரிந்துபோன பத்திரம் ஒன்று அந்த இடைவெளியில் இருக்கிறது. அதே ஆண்டில் வேறு யார் கணக்கில் 50 ஏக்கர் கூடியது என்று பார்த்தால் வாங்கியவரும் கிடைத்துவிடுவார். அடுத்தது, போருக்குப் பின் மறுபடி பதிந்த பத்திரங்கள். வீட்டில் மூலப் பத்திரம் வைத்திருந்தவர்கள் அதைக் கிளார்க்கிடம் கொண்டுவந்து புதிதாக ஏற்றினார்கள். அதனால் 1866 புத்தகத்தில் 1810 பத்திரம் கிடைக்கும்; அட்டவணையில் பிந்தைய ஆண்டுகளையும் விடாமல் பாருங்கள். மூன்றாவது, பக்கத்துக் கவுன்ட்டி. நிலம் எல்லையைத் தொட்டிருந்தால் அங்கேயும் ஏதாவது பதிந்திருப்பார்கள்.

சான்சரி வழக்குகள் என்பவை ஜூரி இல்லாமல் நீதிபதி நியாயம் பார்த்துத் தீர்த்தவை. பாகப்பிரிவினை, கடன், கார்டியன் கணக்கு. ஒரு குடும்பச் சண்டையில் ஆளாளுக்குக் கொடுத்த வாக்குமூலத்தில் மூன்று தலைமுறை உறவுமுறை அப்படியே வந்து விழும். இவற்றின் அட்டவணையையும் ஏராளமான பக்கங்களின் படங்களையும் இந்த நூலகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. மூலக் காகிதங்களை அந்தக் காலத்தில் மூன்றாக மடித்துச் சிவப்புத் துணிநாடாவால் கட்டி, குறுகிய இரும்புப் பெட்டிகளில் திணித்தார்கள். நாம் அரசாங்கத் தாமதத்துக்குச் சொல்லும் சிவப்பு நாடா இங்கே கையில் தொட்டுப் பார்க்கும் நாடா. நாடா அறுத்த ஓரமும் மடிப்பும்தான் முதலில் கிழியும். விரிக்கும்போது நுனியைப் பிடித்து இழுக்காமல், ஈரப்பதம் ஊட்டித் தளர்த்திய பிறகே தட்டையாக்குகிறார்கள்.

பழைய மை இரும்புச் சத்தும் கடுக்காய் போன்ற காய்ச்சாறும் கலந்தது. அதன் அமிலம் எழுத்து இருக்கும் இடத்தையே அரித்து, சில ஏடுகளில் சல்லடை போல ஓட்டை விட்டிருக்கும். இதைத் தடுக்க 1930-களில் வில்லியம் பாரோ என்பவர், தாளின் இருபுறமும் செல்லுலோஸ் அசிடேட் படலம் வைத்துச் சூட்டில் அழுத்தும் முறையைப் பரப்பினார். பல கவுன்ட்டிகள் வரிசையில் நின்று ஏடுகளை 'லேமினேட்' செய்துகொண்டன. அந்தப் படலமே இப்போது பழுத்து, சுருங்கி, புளிப்பு வாடை அடித்து, உள்ளே அமிலத்தை அடைத்து வைத்திருக்கிறது. அதனால் தாளை அசிடோனில் பலமுறை முக்கிப் படலத்தைக் கரைத்தெடுத்து, அமிலத்தை நீக்கி, ஒட்டாத பாலியெஸ்டர் உறைக்குள் நுழைத்து, கழற்றிச் சேர்க்கும் கட்டுமானத்தில் வைக்கிறார்கள். செலவில் ஒரு பங்கு, கிளார்க் அலுவலகத்தில் பதிவின்போது வாங்கும் சிறு கட்டணத்திலிருந்து மாநிலம் தரும் மானியம். இன்று வீடு வாங்குபவர் கட்டும் காசில் முந்நூறு ஆண்டுப் பழைய உயில் குளிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆறாம் நாள், வியாழன்: ஸ்மித்ஃபீல்ட், ஐல் ஆஃப் வைட்

ஸ்மித்ஃபீல்ட் என்றால் அமெரிக்கர்களுக்கு உப்புப் போட்டுப் புகையூட்டிய பன்றித் தொடை. ஏடு தேடி வருபவர்களுக்கு 1750-ல் கட்டிய கோர்ட். பின்புறம் அரைவட்டமாக வளைந்த சுவர், காலனியின் தலைநகராக இருந்த வில்லியம்ஸ்பர்க்கின் சட்டமன்றக் கட்டிடத்தைப் பார்த்துச் செய்தது. 1800-ல் கோர்ட் கவுன்ட்டியின் நடுப்பகுதிக்கு, ஐல் ஆஃப் வைட் கிராமத்துக்கு இடம் மாறியது. ஏடுகள் அங்கேதான். இரண்டு இடத்தையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம்.

1781-ல் பிரிட்டிஷ் தளபதி டார்ல்டனின் குதிரைப்படை இந்தப் பக்கம் வந்தபோது, துணைக் கிளார்க் ஃபிரான்சிஸ் யங் வீட்டார் ஏடுகளைத் தோல் பெட்டியில் வைத்து நிலத்தில் புதைத்தார்கள் என்பது கவுன்ட்டியின் வரலாறு. படைக்குத் தப்பியவை பூச்சிக்கும் ஈரத்துக்கும் முழுக்கத் தப்பவில்லை. புதைப்பது கடைசி வழிதான்.

1862-ல் மறுபடி ஆபத்து வந்தபோது கிளார்க்காக இருந்த நதானியல் யங், ஏடுகளை ரேண்டல் பூத் என்பவரிடம் ஒப்படைத்தார். பூத் அவருடைய அடிமை. பூத் அவற்றை வண்டியில் உள்நாட்டுக் கவுன்ட்டிகளுக்குக் கொண்டுபோய், போர் முடியும்வரை காத்து, திருப்பிக் கொண்டுவந்தார். பின்னாளில் கோர்ட் கட்டிடத்தின் காப்பாளராக இருந்தார். அவர் சுமந்துபோன புத்தகங்களில்தான் மனிதர்களைச் சொத்தாக எழுதிய பட்டியல்களும் இருந்தன. இதற்குமேல் இங்கே விளக்கம் சொல்லத் தோன்றவில்லை.

ஏழாம் நாள், வெள்ளி: ஈஸ்ட்வில்

செசபீக் விரிகுடாவைக் கடக்க 1964-ல் திறந்த பாலமும் கடலடிச் சுரங்கமும் சேர்ந்த வழி, 17.6 மைல். சுங்கக் கட்டணம் உண்டு, காற்று பலமாக அடித்தால் சில வகை வண்டிகளை விடமாட்டார்கள். பாலம் வருவதற்கு முன் இங்கே வரப் படகுதான். ஏடுகள் பிழைத்ததற்கு அந்தத் தனிமையும் ஒரு காரணம்.

1634-ல் காலனியை எட்டுப் பிரிவாக்கியபோது இது அக்கோமாக். 1643 முதல் நார்தாம்ப்டன் கவுன்ட்டி. கோர்ட் ஏடுகள் அதற்கும் முன்னால், 1632-லிருந்து தொடங்குகின்றன. அமெரிக்காவில் இடைவிடாமல் தொடரும் மிகப் பழைய கோர்ட் ஏடுகள் இவைதான். ஊர் நடுவே 1730-களின் செங்கல் கோர்ட், பழைய கிளார்க் அலுவலகம், கடன்காரர் சிறை மூன்றும் அருகருகே நிற்கின்றன. 1776 ஆகஸ்ட் 13 அன்று சுதந்திரப் பிரகடனத்தை அந்தக் கோர்ட் வாசலில் படித்தார்கள்.

படிக்க உட்காரும் முன் தேதிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளுங்கள். 1752-க்கு முன் ஆங்கிலேய ஆண்டு மார்ச் 25 அன்று பிறந்தது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சின் பெரும்பகுதி எல்லாம் 'போன' ஆண்டு. அதனால் 1654/55 என்று இரட்டையாகக் குறிப்பார்கள். இது தெரியாதவர்கள், டிசம்பரில் இறந்தவரின் உயில் அதே ஆண்டு பிப்ரவரியில் கோர்ட்டுக்கு வந்திருக்கிறதே என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள். எழுத்தும் படுத்தும். நீண்ட 'எஸ்' பார்க்க 'எஃப்' போலவே இருக்கும். முதலில் 'ஆமென்' என்று தொடங்கும் ஓர் உயிலின் முகவுரையை எடுங்கள். வாசகம் எல்லா உயிலிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், அந்தக் கிளார்க் எந்த எழுத்தை எப்படி வளைக்கிறார் என்பது பிடிபட்டுவிடும். பிறகு வேண்டிய பக்கத்துக்குப் போகலாம். கிளார்க் மாறினால் மறுபடி அரிச்சுவடி.

1654/55 மார்ச் 8 அன்று பதிந்த உத்தரவு ஒன்றைத் தேடி ஆய்வாளர்கள் வருவதுண்டு. ஆந்தனி ஜான்சன் ஆப்பிரிக்கர். ஒரு காலத்தில் தானே ஊழியம் செய்து விடுபட்டு நிலம் வாங்கியவர். அவரிடம் இருந்த ஜான் கேசர், தன் ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லி ராபர்ட் பார்க்கர் என்ற அண்டை நிலத்தாரிடம் போனார். கேசர் ஜான்சனிடமே திரும்ப வேண்டும், செலவைப் பார்க்கர் கட்ட வேண்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டது. குற்றம் எதுவும் செய்யாத ஒரு மனிதரை ஆயுள் அடிமையாக்கிய மிக முந்தைய சிவில் தீர்ப்புகளில் ஒன்று இது. ஏட்டில் சில வரிதான். செலவுத் தொகை பற்றிய வரியோடு முடிந்துவிடுகிறது.

இதே கோர்ட்டின் இன்னொரு உத்தரவு, 1766 பிப்ரவரி 11. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் முந்தைய ஆண்டு முத்திரைத் தாள் சட்டம் போட்டிருந்தது. கோர்ட் காகிதம், பத்திரம், லைசென்ஸ் எல்லாவற்றுக்கும் வரி கட்டிய முத்திரைத் தாள் வேண்டும். பல இடங்களில் தாள் வந்து சேரவே இல்லை. முத்திரையில்லாத் தாளில் எழுதினால் அபராதம் யார் தலையில்? எழுதுகிற கிளார்க் தலையில். ஆகவே நார்தாம்ப்டன் கிளார்க்கும் மற்ற அலுவலர்களும் தங்கள் கோர்ட்டிலேயே மனுப் போட்டார்கள்: இந்தச் சட்டம் எங்களைக் கட்டுமா, முத்திரைத் தாள் இல்லாமல் எழுதினால் தண்டனை உண்டா? கோர்ட் ஒருமனதாகச் சொன்னது: கட்டாது, அது அரசமைப்புக்கு விரோதம், பயப்படாமல் உங்கள் வேலையைப் பாருங்கள். கிளார்க் அதையும் முத்திரையில்லாத தாளில் எழுதிவைத்தார். அடுத்த மாதம் நாடாளுமன்றமே சட்டத்தைத் திரும்பப் பெற்றது.

இப்போதைய கிளார்க் அலுவலகத்தில் ஏட்டைப் பார்க்க அனுமதி கேட்கலாம். நொய்ந்த புத்தகங்களுக்குப் பதில் பெரும்பாலும் படச்சுருளோ நகலோதான் தருவார்கள். மாலையில் கடைசி நிமிடத்தில் போய் நிற்க வேண்டாம். பல அலுவலகங்களில் பதிவை மூடும் நேரத்துக்கு முன்பே நிறுத்திவிடுவார்கள், அன்றன்று வந்த பத்திரங்களின் நேர முத்திரையைச் சரிபார்த்தாக வேண்டும். ஒரே நிலத்தை இருவருக்கு விற்ற தகராறு வந்தால், முந்தைய விற்பனை தெரியாமல் வாங்கி முதலில் பதிந்தவர் யார் என்பதைக் காட்டுவது அந்த மணியும் நிமிடமும்தான்.